மண்கோட்டையின் கதவு

நம் சங்கத்து மூத்த அன்பர்கள் பலர் இளமையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிகளில் கௌபாய்ப் படங்களைக் கண்டு களித்தவர்கள். அகன்ற தொப்பி, இடையில் துப்பாக்கி, எதிரே புழுதி பறக்கும் தெரு. இவற்றுள் அந்தத் தெருவுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எவரும் வினவுவதில்லை. படம் முடிந்தால் தெருவும் முடிந்தது என்றே எண்ணுகிறோம். ஆனால் படம் முடிந்த பின்னரும் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வாழ்ந்த தெரு ஒன்று உண்டு. அது வாழ்ந்த வகையும், அதன் கதவு அடைபட்ட வகையும் நாம் அறியத் தக்கன.

அமெரிக்க நாட்டின் டெக்ஸஸ் மாநிலத்தில், சான் அன்டோனியோ நகருக்கு மேற்கே ஏறத்தாழ 120 மைல் தொலைவில் பிராக்கெட்வில் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூருக்குப் பிழைப்பு அளித்து வந்தது அருகிலிருந்த கிளார்க் கோட்டைப் படைமுகாம். 1946இல் முகாம் மூடப்பட்டது; ஊரும் தளர்ந்தது. அங்கே ஜேம்ஸ் ஷாஹன் என்ற கால்நடைப் பண்ணையார் இருந்தார். ‘ஹேப்பி’ என்பது அவருடைய செல்லப்பெயர். படை போனால் என்ன, படத் தொழிலை அழைத்து வருவோம் என்று துணிந்தார் அவர்.

அந்நாளில் நடிகர் ஜான் வேய்ன், 1836ஆம் ஆண்டின் அலமோ முற்றுகையைப் படமாக்க முனைந்திருந்தார். மெக்சிகோப் படை 13 நாள் முற்றுகையிட, உள்ளே நின்று போரிட்டோர் ஏறத்தாழ அனைவரும் மடிந்த வரலாறு அது. உண்மையான அலமோவோ, மதில்களை இழந்து, சான் அன்டோனியோ நகரத் தெருக்களின் நடுவே நிற்கிறது. ஆகவே ஷாஹனின் பண்ணையில் புதிய அலமோ ஒன்று எழுந்தது. மெக்சிகோவிலிருந்து வந்த கைவினைஞர்கள் மண்ணையும் வைக்கோலையும் குழைத்துச் சுடாத பச்சைக் கற்களை இலட்சக்கணக்கில் அறுத்தனர். முன்பக்கம் சுவரும் பின்பக்கம் முட்டுக்கழியுமாக நிறுத்திவிடுவது படத் தொழிலின் வழக்கம். ஷாஹன் அதற்கு இசையவில்லை. நான்கு சுவரும் கூரையும் உடைய மெய்யான கட்டடங்களே வேண்டும் என்றார். படக் குழுவினர் சென்ற பின்னும் அவை நிற்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கணக்குப் பொய்க்கவில்லை. 1960இல் ‘தி அலமோ’ வெளிவந்தது. மண்கோட்டை ‘அலமோ வில்லேஜ்’ என்ற பெயரில் பார்வையாளர்க்குத் திறக்கப்பெற்றது. ‘டூ ரோட் டுகெதர்’ (1961), ‘பாண்டொலேரோ’ (1968), ‘லோன்சம் டவ்’ என்ற தொலைக்காட்சித் தொடர் (1989) எனப் படப்பிடிப்புகளும் தொடர்ந்தன. கோடை விடுமுறையில் வந்த குடும்பங்கள் தெருவில் நடக்கும் பொய்த் துப்பாக்கிச் சண்டையைக் கண்டு மகிழ்ந்தன. போலியாகப் பிறந்த கட்டடம், வெயிலும் மழையும் பட்டு, மெய்யாகவே மூப்படைந்தது.

1996இல் ஷாஹன் மறைந்தார். அவர் துணைவியார் வர்ஜீனியா அம்மையார் விடாது நடத்தினார். 2009இல் அம்மையாரும் மறைந்தார், கதவு அடைபட்டது. பின்னர்ச் சிறிது காலம் திறந்தும் அது நிலைக்கவில்லை. சுடாத மண்சுவர் இடையறாத பூச்சை வேண்டுவது. காப்பார் இல்லையேல் ஒவ்வொரு மழையும் அதில் ஒரு பிடியைக் கரைத்துக்கொண்டு போகும்.

இதனோடு வேறொரு செய்தியையும் ஒப்பிட்டுக் காண்போம். அரிசோனா மாநிலத்தில் ‘ஓல்டு டூசான்’ என்ற படத்தெரு 1939இல் எழுந்தது; 1960 முதல் பார்வையாளர் வந்தனர். 1995 ஏப்ரலில் பெருந்தீ அதன் பெரும்பகுதியை விழுங்கியது. 1997இல் மீண்டும் திறந்தார்கள். 2020இல், கொள்ளைநோய்க் காலத்தில், நடத்தியவர்கள் விலகிவிட, அதுவும் மூடப்பட்டது. ஆனால் அந்த நிலம் பீமா மாவட்ட ஆட்சிக்கு உரியது. ஆட்சியினர் வேறொருவரைத் தேடி ஒப்படைத்தனர். 2022இல் கதவு மறுபடியும் திறந்தது. டூசான் பெருநகரம், பிராக்கெட்வில் சிற்றூர் என்ற வேறுபாடு உண்டுதான். ஆயினும் ஒன்று தீயையும் நோயையும் கடந்தது, மற்றொன்று இருவர் மறைவைக் கடக்கவில்லை என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒருவர் தோளில் நிற்பது அவரோடு சாய்கிறது. பலர்க்கு உரியது, ஒருவர் போயினும் இன்னொருவரைத் தேடிக்கொள்கிறது.

ஷாஹன் தம்பதியரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் அத்தெருவே இல்லை. நம்மிடையேயும் அத்தகையோர் உளர். பிறமொழி மண்ணில் வாழும் நம் சங்கங்களில் நூலகச் சாவி ஓர் ஐயாவிடம் இருக்கும். எந்த நூல் எந்த அலமாரியில் என்பது அவர் நினைவில் மட்டும் இருக்கும். குழந்தைகளின் தமிழ் வகுப்பு ஓர் அம்மையாரின் உழைப்பால் நடக்கும். அவர்கள் நீடு வாழ்க! வாழும்போதே அவர்கள் அருகில் இன்னொருவர் அமர்ந்து கற்றுக்கொள்ள வேண்டாவோ?

இம்மாதம் நூலகத்திற்கு வரும் அன்பர்கள், நூல் எடுத்துச் செல்வதோடு ஒரு மணி நேரம் தங்கி, நூற்பட்டி எழுத உதவுவார்களாக. பிள்ளைகளையும் உடன் அழைத்து வருவது நலம். சாவி எங்கே இருக்கிறது என்பதை அவர்களும் அறிந்துகொள்ளட்டும்.