“வேலை செய்யல” என்பது ஒரு புகாரா?

(மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு மாணவி)



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், அம்மாவைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கும், நட்பைப் பற்றி நாலு பக்கம் இருக்கும். அவற்றுக்கு நடுவே நான் சாஃப்ட்வேரில் வரும் கோளாறைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். கம்ப்யூட்டர் பிரிவுக்கு மட்டும் எழுதியதல்ல இது. மெக்கானிக்கல், டெக்ஸ்டைல், சிவில் என்று யார் புராஜெக்டில் நம்பர் வந்தாலும் அங்கே இந்தச் சங்கதியும் வரும்.

லேபில் நாம் அதிகமாகப் பேசும் வசனம் எது? “வேலை செய்யல.” இதைக் கேட்டதும் பக்கத்தில் இருப்பவர் என்ன செய்வார்? மெஷினை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்வார். அதற்கும் சரிவரவில்லை என்றால் அடுத்த மெஷினுக்கு மாறிக்கொள்வோம். கோளாறு அங்கேயே உட்கார்ந்திருக்கும், அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைகளுக்காக!

இன்னொரு ரகமும் உண்டு. விடை தப்பாக வரும், ஆனால் யாரும் வாய் திறக்க மாட்டோம். “கம்ப்யூட்டர் சொல்லிச்சுன்னா சரியாத்தான் இருக்கும், நமக்குத்தான் புரியல” என்று நினைத்துக்கொள்வோம். வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்த என்னைப் போன்றவர்களுக்கு இந்த நினைப்பு கொஞ்சம் அதிகம். அச்சில் வந்தது, ஆங்கிலத்தில் இருப்பது, திரையில் தெரிவது எல்லாமே நம்மைவிடப் பெரியது என்ற ஒரு பயம். இந்தப் பயம் மரியாதை இல்லை என்பது என் கருத்து. அதற்கு ‘ஆர்’ என்ற சாஃப்ட்வேரையே சாட்சிக்கு அழைக்கிறேன்.

‘ஆர்’ என்பது புள்ளியியல் கணக்குக்கான ஒரு புரோகிராம் மொழி. நியூசிலாந்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. 1995-ல் யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற உரிமத்தோடு வெளியே விட்டார்கள். முழுமையான முதல் பதிப்பு வந்த நாள் 2000 பிப்ரவரி 29. காசு கிடையாது. அதைவிட முக்கியம், மூடி கிடையாது. ஒரு கட்டளையின் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். பெரும்பாலானவை தன் வயிற்றைத் திறந்து காட்டிவிடும், எந்த வரியில் என்ன கணக்கு என்று நாமே படிக்கலாம்.

பிப்ரவரி 29 என்றதும் ஒரு தமாஷ் ஞாபகம் வருகிறது. நாம் எல்லோரும் தட்டுகிற எக்செல்லில் 1900 பிப்ரவரி 29 என்று ஒரு தேதி உண்டு. உலகத்தில் அப்படி ஒரு நாள் விடியவே இல்லை, 1900 லீப் வருடம் அல்ல. அதற்கு முன்னால் இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற சாஃப்ட்வேரில் இருந்த தப்பை, அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று தெரிந்தே அப்படியே வைத்தார்கள். இன்று வரை இருக்கிறது. இன்னொன்று சிரிப்பா அழுகையா தெரியவில்லை. மனித ஜீன்களில் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்றெல்லாம் சுருக்கப் பெயர்கள் இருந்தன. எக்செல்லில் அடித்தால் அது உடனே மார்ச் 1, செப்டம்பர் 1 என்று தேதியாக்கிவிடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அட்டவணைகளிலேயே ஜீன்கள் தேதியாகிக் கிடந்தன. கடைசியில் 2020-ல் பெயர் வைக்கும் குழுவே ஜீன்களின் பெயரை மாற்றிவிட்டது! தானாகத் தேதியாக்குவதை நிறுத்திவைக்கும் வசதி 2023-ல்தான் வந்தது. மூடி போட்ட பெட்டிக்கும் திறந்த பெட்டிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

அப்படியானால் ‘ஆர்’-இல் தப்பே இல்லையா? இருந்தது, சாதாரணத் தப்பும் இல்லை. ஒரு கூட்டத்திலிருந்து குலுக்கல் முறையில் சிலரைப் பொறுக்கி எடுக்க ‘சாம்பிள்’ என்று ஒரு கட்டளை உண்டு. புள்ளியியலுக்கே அதுதான் அஸ்திவாரம். ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்பு கிடைக்க வேண்டும். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த கெல்லி ஒட்டோபோனி, பிலிப் ஸ்டார்க் இருவரும் 2018-ல், கூட்டம் மிகப் பெரிதாக இருக்கும்போது சம வாய்ப்பு கிடைப்பதில்லை என்று காட்டினார்கள். அப்போது நடந்த விவாதத்தில் வந்த ஒரு உதாரணத்தைச் சொன்னால் மலைத்துப் போவீர்கள். 2-இன் 32-ஆம் அடுக்கில் ஐந்தில் இரண்டு பங்கை மேல் எல்லையாகக் கொடுத்து 10 லட்சம் எண்களைக் குலுக்கி எடுக்கச் சொன்னால், ஒற்றைப்படை எண்கள் சுமார் 6 லட்சம், இரட்டைப்படை சுமார் 4 லட்சம். பாதிக்குப் பாதி வர வேண்டிய இடத்தில்!

காரணம் நம் ஊர்க் கணக்குதான். குலுக்கலுக்கு அடியில் இருக்கும் இயந்திரம் 2-இன் 32-ஆம் அடுக்கு அளவுக்குத்தான் வெவ்வேறு சீட்டுகள் வைத்திருக்கிறது. அந்தச் சீட்டுகளை எண்களுக்குப் பங்கு போட வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஐந்து பொட்டலத்தைப் பிரிக்காமல் இரண்டு பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்கு மூன்று, ஒருவருக்கு இரண்டு. அதேதான் அங்கேயும் நடந்தது. ராஜபாளையம் மாதிரி லட்சம் சொச்சம் ஜனத்தொகை உள்ள ஊரில் ஆயிரம் பேரைப் பொறுக்கினால் இந்த ஓரவஞ்சனை கண்ணுக்கே தெரியாது. அதனால்தான் பல ஆண்டுகள் யாரிடமும் மாட்டாமல் ஒளிந்திருந்தது.

பிறகு என்ன ஆயிற்று? தப்பைப் பிழைப் பதிவேட்டில் 17494 என்ற எண்ணில் வைத்து வெளிப்படையாக விவாதித்தார்கள். 2019 ஏப்ரலில் வந்த 3.6.0 பதிப்பில் முறையையே மாற்றினார்கள். பங்கு போட்டு மிஞ்சுகிற சீட்டு வந்தால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி குலுக்குவது புதிய முறை. சுட்டிக்காட்டியவர்களின் பெயரைப் புதிய பதிப்பின் அறிவிப்பிலேயே போட்டார்கள். பழைய ஆராய்ச்சிகளைத் திரும்பச் செய்து பார்க்க வேண்டியவர்களுக்காகப் பழைய முறையையும் விட்டுவைத்திருக்கிறார்கள், நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். இதைப் படித்த அன்று எனக்கு ஒரு தெம்பு வந்தது. அச்சில் வந்ததும் தப்பாக இருக்கலாம், அதைச் சரியான முறையில் சொன்னால் கேட்பார்கள்!

சரியான முறை என்றேனே, அதைப் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கேட்டிருக்கிறேன். எங்கப்பா ஸ்பின்னிங் மில் தொழிலாளி, ஐந்தாவதோடு நிறுத்தியவர். அவரிடம் ‘ஆர்’ பற்றிச் சொன்னபோது சொன்னார்: “பிரேம் ஓடலன்னு சொன்னா ஃபிட்டர் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாரும்மா. எத்தனாவது பிரேம், எந்தப் பக்கம், எத்தனாவது ஸ்பிண்டில், என்ன கவுண்ட் ஓடுது, எப்ப இருந்து நூல் அறுபடுது, இதச் சொன்னாத்தான் ஸ்பானர எடுப்பாரு. எல்லா ஸ்பிண்டில்லயும் அறுந்தா பஞ்சப் பாக்கணும், ஈரப்பதத்தப் பாக்கணும். ஒரே ஸ்பிண்டில்ல அறுந்தா, மேல இருக்கிற பாபின பக்கத்து ஸ்பிண்டிலுக்கு மாத்திப் பாக்கணும். அறுப்பு பாபினோட போச்சுன்னா சிம்ப்ளக்ஸ்ல இருந்து வந்த வினை. ஸ்பிண்டில்லயே நின்னுச்சுன்னா ஃபிட்டர் வேல.”

நண்பர்களே, பிழையைக் கண்டறியும் கலை மொத்தமும் அந்த ஒரு பாபினில் இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. கோளாறு எதோடு போகிறது என்று பார்.

நம் லேப் கதைக்கு வருவோம். தமிழில் ஊர்ப் பெயர்களை அடித்து ஒரு பட்டியலை ‘ஆர்’-இல் அச்சிட்டால், சில பழைய கம்ப்யூட்டர்களில் எழுத்துக்குப் பதில் கோண அடைப்புக்குள் ஏதோ எண்கள் வரும். “ஆருக்குத் தமிழ் வராது” என்று தீர்ப்பு எழுதிவிட்டார்கள் நம் மக்கள். பாபினை மாற்றிப் பாருங்கள்! அதே புரோகிராம், அதே பட்டியல், புதிய கம்ப்யூட்டரில் தமிழ் ஜம்மென்று வருகிறது. என்ன வித்தியாசம்? விண்டோஸில் யூனிகோட் எழுத்துகளை நேரடியாகக் கையாளும் வசதி 2022 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பில்தான் சேர்ந்தது, அதுவும் விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல்தான் செல்லும். இது ஏற்கனவே தீர்த்து வைத்த வழக்கு. புகார் எழுதினால் “புதுப் பதிப்பைப் போடுங்கள்” என்று ஒற்றை வரி வரும். ஆகவே புகாருக்கு முன் பதிப்பைப் பார்க்க வேண்டும். ‘செஷன் இன்ஃபோ’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. எந்தப் பதிப்பு, எந்த இயங்குதளம், எந்தெந்தப் பேக்கேஜ் ஏற்றியிருக்கிறது என்று ஜாதகம் மாதிரி கொடுத்துவிடும்.

எல்லா ஆச்சரியமும் பிழை ஆகிவிடாது. ‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று ‘ஆர்’-இடம் கேட்டால் 5 என்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். இரண்டும் சரி! த, ம, இகரக் கொக்கி, ழ, மேலே புள்ளி என்று யூனிகோட் ஐந்து குறிகளாக வைத்திருக்கிறது, ‘ஆர்’ அதைத்தான் எண்ணுகிறது. நூல் கவுண்ட் 40, 60, 80 என்ற வரிசையை அது ‘ஃபேக்டர்’ என்ற வகைப் பெயராக எடுத்துக்கொண்ட பின் எண்ணாக மாற்றச் சொன்னால் 1, 2, 3 என்று தரும். சராசரி போட்டால் கவுண்ட் 2! ஆவணத்தில் இதற்கும் எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். எழுத்து வரிசைகளைக் கேட்காமலே ஃபேக்டராக மாற்றும் வழக்கத்தை மட்டும், பலரும் பல வருடம் முணுமுணுத்த பிறகு, 2020-ல் 4.0.0 பதிப்பில் கைவிட்டார்கள். பிழை இல்லாவிட்டாலும் தொல்லை தொல்லைதானே.

நிஜமாகவே பிழை என்று தெரிந்தால்? மூவாயிரம் வரி டேட்டாவைத் தூக்கி அனுப்பக் கூடாது. பாதியை வெட்டுங்கள், கோளாறு இருக்கிறதா? இன்னும் பாதியை வெட்டுங்கள். ஐந்து வரியில் அதே தப்பு வரும்வரை வெட்ட வேண்டும். வெட்டும்போதே பாதி நேரம் காரணம் தெரிந்துவிடும். பிறகு மூன்று செய்தி: என்ன அடித்தேன், என்ன எதிர்பார்த்தேன், என்ன வந்தது. யாருக்கு அனுப்புவது என்பதிலும் குழப்பம் வேண்டாம். ‘ஆர்’-இல் பலர் எழுதிச் சேர்த்த பேக்கேஜ்கள் இருபதாயிரத்துக்கும் மேல். பேக்கேஜில் தப்பு என்றால் அதை எழுதியவருக்குத்தான் சொல்ல வேண்டும், ‘மெயின்டெய்னர்’ என்ற கட்டளையே அவர் யார் என்று சொல்லும். ‘ஆர்’-இன் மூலத்திலேயே தப்பு என்றால் பிழைப் பதிவேடு. குப்பை விளம்பரக்காரர்கள் தொல்லையால் அங்கே கணக்கு வேண்டுமென்றால் முதலில் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

“நம்ம இங்கிலீஷ் வச்சுக்கிட்டு வெளிநாட்டுக்காரனுக்கு எழுதுறதா?” என்று ஒரு தோழி கேட்டாள். ஐந்து வரிப் புரோகிராமுக்கு இலக்கணம் கிடையாது அம்மா! ஆக்லாந்தில் ஓட்டினாலும் சத்திரப்பட்டியில் ஓட்டினாலும் ஒரே தப்புதான் வரும். நம் ஆங்கிலம் திக்கலாம், புரோகிராம் திக்காது. இத்தனைக்கும் எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை. ‘ஆர்’-இன் மூலத்தைத் திருத்தும் உரிமை உள்ள சுமார் இருபது பேரில் டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தீபாயன் சர்க்காரும் ஒருவர். பிழையை எப்படி ஆராய்ந்து அறிவிப்பது என்று புதியவர்களுக்காக வந்த கையேட்டை எழுதியவர்களில் சரண்ஜீத் கௌர் போகல் என்ற இந்தியப் பெண்ணும் உண்டு.

இன்னொரு கேள்வி நியாயமானது: “சம்பளம் இல்லாம எதுக்கு இந்த வேல?” நான் ஒன்றும் தர்மம் பேசவில்லை. லைசென்சுக்குப் பணம் கட்ட முடியாத வீடுகளிலிருந்து வந்த நாம் முப்பது வருட உழைப்பை ஓசியில் வாங்கியிருக்கிறோம். அது ஒரு பக்கம். மறுபக்கம், நாளைக்கு மில்லிலோ கம்பெனியிலோ நம்மை வேலைக்கு வைப்பவர்கள் எதற்காக வைக்கப் போகிறார்கள்? ஓடுகிற மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கவா, நின்ற மெஷின் ஏன் நின்றது என்று சொல்லவா? பதில் தாமதமாக வரும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. “இது பிழை அல்ல” என்று முகத்தில் அடித்த மாதிரியும் வரும். அவர்களும் சொந்த வேலைக்கு நடுவே பார்ப்பவர்கள்தான்.

மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் சீரியல் பல்புக்குச் செலவழித்ததில் மிச்சம் இருந்தால் லேபுக்கு ஒரு கெட்டி அட்டை நோட்டு வாங்கிக் கட்டித் தொங்கவிடுங்கள். மில்லில் பிரேம் வாரியாகக் கோளாறு எழுதி வைப்பது போல, மெஷின் எண், பதிப்பு, என்ன அடித்தோம், என்ன வந்தது என்று எழுதுவோம். முதல் பக்கத்துக்கு விஷயம் தயாராக இருக்கிறது. புதிய கம்ப்யூட்டரில் தமிழ் வருகிறது, ஆனால் பெயர்களுக்கு அடுத்த கட்டத்தில் உள்ள எண்கள் நேர்கோட்டில் நிற்காமல் கோணிக்கொண்டு நிற்கின்றன. முதலில் ஃபான்ட்டை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். பிறகு அதே வரிகளை ஃபைலில் எழுதி வேறு எடிட்டரில் திறக்க வேண்டும். பிறகு லினக்ஸ் போட்ட மெஷின். மூன்று பெயர், மூன்று எண் போதும். சனிக்கிழமை மதியம் லேப் திறந்திருக்கும், பென் டிரைவோடு வாருங்கள்.