அறுபதுக்கு மேல் ஒரு வகுப்பு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி போன வாரம் இன்பாக்ஸில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். பெயர் மட்டும் வேண்டாம், மற்றதை எழுதுங்கள் மிஸ் என்று அனுமதியும் கொடுத்துவிட்டாள். அவள் குடும்பம் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தது. மார்மன் சபை என்று சொன்னால் சிலருக்குப் புரியும். அப்பாவும் அம்மாவும் பணி ஓய்வு பெற்றவர்கள். இருவரும் சேர்ந்து வேறு ஊருக்குப் போய் 18 மாதம் தங்கி, அங்குள்ள தங்கள் சபை இளைஞர்களுக்கு வாராவாரம் வேதபாடம் நடத்த விண்ணப்பித்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. செலவும் அவர்களுடையதுதான். சொந்தக்காரர்கள் எல்லோரும், "இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்கிறார்களாம். "மிஸ், நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்பது அவள் கேள்வி.

போகட்டும் என்பதுதான் என் பதில். அதோடு, மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் இருக்கிற என்னைப் போன்ற ஓய்வு பெற்ற தம்பதிகள், எந்த மதமாக இருந்தாலும், இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

அந்தச் சபையின் கொள்கைகளில் எனக்கு உடன்பாடு இருக்கிறதா என்பது இங்கே கேள்வி இல்லை. நான் மயிலாப்பூரில் கபாலி கோயில் மணி கேட்டு வளர்ந்தவள். ஆனால் அவர்கள் செய்திருக்கிற ஒரு காரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. பள்ளி முடித்து வெளியே வருகிற பிள்ளைகளுக்கென்று, தனியாக வேத வகுப்பு வைத்திருக்கிறார்கள். 1926இல் அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் அப்படி ஒரு வகுப்பை முதலில் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் நடக்கிறது. பல இடங்களில் பாடம் நடத்துபவர்கள் ஓய்வு பெற்ற கணவனும் மனைவியும்தான். நம் நாட்டிலும் தம்பதியாகப் பணி செய்தவர்கள் உண்டு. 1978இல் எட்வின் தர்மராஜு, எல்சி தர்மராஜு என்ற தம்பதி, சமோவாவிலிருந்து சொந்த ஊரான ஹைதராபாத்துக்கு அந்தச் சபையின் ஊழியர்களாக வந்து, தங்கள் உறவினர்களுக்கே பாடம் சொன்னார்கள்.

இனி நம் பகுதிக்கு வருவோம். சின்னக் குழந்தைகளுக்கு நம்மிடம் குறையே இல்லை. பாலவிகார் இருக்கிறது, ஞாயிறு பள்ளி இருக்கிறது, மதரசா இருக்கிறது, மார்கழியில் திருப்பாவைப் போட்டி இருக்கிறது. வயதானவர்களுக்கும் குறையில்லை. சாயங்காலம் ஏதாவது ஒரு சபாவிலோ கோயில் மண்டபத்திலோ உபன்யாசம் நடக்கும். நடுவில் இருப்பவர்கள்? பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு வந்ததும் எல்லா வகுப்பையும் நிறுத்துகிறோம். பிறகு யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை. ராமகிருஷ்ண மடம், 1953இல் நம் சென்னையிலேயே தொடங்கிய சின்மயா மிஷன், சில தேவாலயங்களின் வாலிபர் கூட்டங்கள் போன்றவை முயற்சி செய்கின்றன. ஆனாலும் அவை இருக்கிற கூட்டத்துக்குப் போதாது.

கேள்விகள் வருகிற வயதோ அதுதான். ஓ.எம்.ஆர். கம்பெனியில் ஒரே மெயிலில் வேலை போகிறது. பி.ஜி.யில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு ஊரில் அப்பா இறந்த செய்தி வருகிறது. காதலித்தவர் வேறு மதம். "கடவுள் இருந்தா ஏன் இப்படி?" என்று பத்து வயதில் யாரும் கேட்பதில்லை, இருபத்தைந்தில் கேட்கிறார்கள். அப்போது அவர்கள் கையில் இருப்பது போன் மட்டும். ஒரு நிமிட ரீல்ஸில் யாரோ ஒருவர் கத்திப் பேசுகிற பக்தி கிடைக்கிறது, பக்கத்து மதத்தைத் திட்டுகிற பக்தியும் கிடைக்கிறது. மூல நூலை எடுத்து வைத்து, இந்தச் சொல்லுக்கு என்ன பொருள், இதற்கு முன்னால் என்ன சொல்லியிருக்கிறது என்று பொறுமையாகக் காட்ட ஆள் இல்லை.

அதற்கு ஏன் நாம்? நமக்கு ஞானம் வந்துவிட்டது என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் இன்னும் வரவில்லை. நம்மிடம் இருப்பது நேரம். வாராவாரம் ஒரே நாள், ஒரே மணிக்கு, தவறாமல் உட்கார்ந்திருக்க நம்மால் முடியும். வேலைக்குப் போகிறவர்களால் அது முடியாது.

1897இல் சென்னைக்கு வந்த சுவாமி ராமகிருஷ்ணானந்தரைப் பற்றி மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். கடற்கரையில் இருக்கிற ஐஸ் ஹவுஸில், இன்றைய விவேகானந்தர் இல்லத்தில், தங்கி நகரத்தின் பல பகுதிகளுக்கும் போய் வகுப்பு எடுத்தவர். ஒரு நாள் கடும் மழையில் ஒருவர்கூட வரவில்லை, அப்போதும் காலி அறையில் பாடத்தை நடத்தி முடித்தார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். வகுப்பு எடுப்பது அவருக்கு விரதம் மாதிரி. பையன் மூன்று வாரம் வராமல் இருந்து நான்காவது வாரம் வந்தாலும் கதவு திறந்திருக்கும் என்ற உறுதிதான் பாடத்தைவிட முக்கியம் என்று முப்பது வருடத்துக்கு மேல் கரும்பலகை முன் நின்ற எனக்கும் தோன்றுகிறது.

சரி, ஏன் தம்பதியாக? முதல் காரணம் நடைமுறை. ஒரு வீட்டுக்குப் பெண்பிள்ளைகள் தயங்காமல் வர வேண்டுமென்றால் அங்கே ஒரு அம்மாவும் இருக்க வேண்டும். இரண்டாவது காரணம் கொஞ்சம் ஆழமானது. விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 18ஆம் அதிகாரத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்று ஒரு தம்பதி வருகிறார்கள். கூடாரம் செய்கிற தொழிலாளிகள். அப்பொல்லோ என்று நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர். வேதமும் தெரியும், ஆனால் சில விஷயங்கள் முழுதாகத் தெரியாது. இந்தக் கணவனும் மனைவியும் அவரைத் தங்களோடு அழைத்துக்கொண்டு போய் விளக்கினார்கள். புதிய ஏற்பாட்டில் இவர்களைச் சொல்கிற பல இடங்களில் மனைவியின் பெயர்தான் முதலில் வருகிறது. நம் பக்கம் பிருகதாரண்யக உபநிடதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யாக்ஞவல்கியர் சொத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறார். உலகம் நிறையச் செல்வம் கிடைத்தாலும் சாவில்லாத நிலை கிடைக்குமா என்று மைத்ரேயி கேட்கிறாள். அந்தக் கேள்வியால்தான் அவ்வளவு பெரிய பாடமே வந்தது.

ஆகவே கணவன் பேச, மனைவி காபி கொடுக்க என்று நடத்துவதாக இருந்தால் அதற்குத் தம்பதி வகுப்பு என்று பெயர் வேண்டாம். பிள்ளைகள் பாட்டின் பொருளை மறந்துவிடுவார்கள். இந்த இரண்டு பேரும் ஒரு வரிக்கு இரண்டு விதமாகப் பொருள் சொல்லிவிட்டு, ஒருவரை ஒருவர் மட்டம் தட்டாமல் எப்படிப் பேசினார்கள் என்பதை மறக்க மாட்டார்கள். கல்யாணத்தையே சந்தேகமாகப் பார்க்கிற தலைமுறை அது. அவர்கள் பார்க்கட்டும்.

இனி எதிர்ப்புகள்.

"மிஷனரி" என்ற சொல் நம் ஊரில் பலருக்கு உறுத்தும். அந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். நம் அரசியலமைப்பின் 25ஆவது பிரிவு தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அந்த உரிமைக்குள் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்று 1977இல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. என் மாணவியின் பெற்றோர் செய்யப்போவது தங்கள் சபைப் பிள்ளைகளுக்குத் தங்கள் நூலைச் சொல்லித்தருவது. தானாக வருகிறவருக்குக் கதவைத் திறப்பது வேறு, கஷ்டத்தில் இருக்கிறவர் வீட்டுக் கதவைத் தட்டுவது வேறு. இது எல்லா மதத்துக்கும் பொருந்தும்.

தமிழ் டீச்சராக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மெரினாவில் சிலையாக நிற்கிற ஜி.யு. போப் மிஷனரியாகத்தான் 1839இல் இங்கே வந்தார். சொல்லிக்கொடுக்க வந்தவர் நம்மிடம் கற்றுக்கொண்டும் போனார். திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். திருவாசக மொழிபெயர்ப்பை 1900இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 80. சொல்லிக்கொடுக்கப் போகிற எந்தப் பெரியவருக்கும் இந்தக் கற்றுக்கொள்ளும் பழக்கம் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்த எதிர்ப்பு பிள்ளைகளிடமிருந்து வருகிறது. இது நம் வீடுகளில்தான் அதிகம். "ரிட்டயர் ஆயாச்சே, ஆறு மாசம் இங்க வந்து இருங்களேன்." பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்வது சுமை இல்லை, பாக்கியம். டேகேர் செலவு எவ்வளவு என்று மகள் கணக்குப் போட்டுச் சொன்னபோது எனக்கும் தலை சுற்றியது. ஆனால் ஓய்வு பெற்றவர்களின் நேரம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்கிற காலி மனை மாதிரி ஆகிவிடக் கூடாது. அதை எதற்குக் கொடுப்பது என்று முடிவு செய்கிற உரிமை எங்களுக்கு இருக்க வேண்டும். பிள்ளைகள் கேட்கலாம், நாங்கள் தேதி சொல்லலாம்.

உடம்பைப் பற்றிய கவலை நியாயமானது. அதனால் என் மாணவிக்கு மூன்று விஷயம் எழுதினேன். அப்பா அம்மா இருவருக்கும் மருத்துவக் காப்பீடு அந்த ஊர் மருத்துவமனைகளிலும் செல்லுமா என்று பார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தொடர்ந்து பார்க்கிற ஒரு டாக்டரைப் போன முதல் வாரமே பிடித்துவிடச் சொல். இங்கே பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆளை நீயே ஏற்பாடு செய். இந்த மூன்றும் சரியாக இருந்தால், "இந்த வயசுல தேவையா" என்ற கேள்விக்கு உன் பெற்றோர்தான் பதில் சொல்ல வேண்டும், சித்தப்பாக்கள் இல்லை.

வகுப்பு தொடங்க நினைக்கிற மற்றவர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில சொல்கிறேன்.

1. ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரத்தில் முடியுங்கள். பிள்ளைகள் காலையில் ஷிஃப்டுக்குப் போக வேண்டும்.

2. முழு நூலையும் முடிக்க ஆசைப்படாதீர்கள். மத்தேயுவில் மலைப்பிரசங்கம் மூன்றே அதிகாரம். கீதையில் இரண்டாம் அத்தியாயம் மட்டும் 72 சுலோகம். திருப்பாவை 30 பாட்டு. ஒன்று போதும்.

3. கல்யாணம் எப்போ, சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கேட்டால் அடுத்த வாரம் வர மாட்டார்கள்.

4. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள், அடுத்த வாரம் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

5. அரசியல் வேண்டாம். மற்ற மதத்தைக் குறை சொல்வது அறவே வேண்டாம்.

6. நம்பாதவன் வந்தாலும் உட்கார வையுங்கள். நன்றாகப் படிக்கிறவன் பெரும்பாலும் அவன்தான்.

உறவினர்களுக்கு ஒரு செய்தி. அடுத்தவருக்கு யோசனை சொல்லிவிட்டுச் சும்மா இருப்பது எனக்குப் பழக்கமில்லை. நானும் என் வீட்டுக்காரரும் ஜூன் முதல் சனிக்கிழமைதோறும் மாலை 5 முதல் 6 வரை வீட்டில் ஒரு வகுப்பு வைக்கிறோம். திருவாசகத்தில் சிவபுராணம் மட்டும். 95 அடி, வாரம் 5 அடி, 19 வாரம். நான் பொருள் சொல்வேன். வங்கியில் இருந்தவர் என்பதால் எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் ஒப்புக்கொள்ள மாட்டார் அவர், அதனால் கேள்வி கேட்கும் வேலை அவருக்கு. 18இலிருந்து 30 வயது வரை யாரும் வரலாம். கட்டணம் இல்லை. சுண்டல் உண்டு.

அக்டோபரில் முடியும். நவம்பரில் மகள் வீட்டுக்குக் கிளம்புகிறோம். முதலில் கோபித்துக்கொண்டவள், நேற்று போனில், "வெள்ளி ராத்திரி எனக்கும் அந்த லிங்க் அனுப்பும்மா" என்றாள். லிங்க் எல்லாம் கிடையாது, நேரில் வருகிறவர்களுக்குத்தான் என்று சொன்னேன். சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

கேள்வி கேட்ட என் மாணவிக்குக் கடைசியாக ஒன்று. அப்பா அம்மாவை நல்லபடியாக அனுப்பி வை. ரயிலேறும் முன்னால் அப்பாவிடம் தனியாகச் சொல், பாதிப் பாடம் அம்மாவுடையது என்று. வாரத்துக்கு ஒரு முறை போன் செய்து, சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு நிறுத்தாமல், இந்த வாரம் என்ன பாடம் நடத்தினீர்கள் என்றும் கேள். அவர்களுக்கு அது பெரிய சந்தோஷமாக இருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், மிஸ் திட்ட மாட்டேன்.