கரைப் பக்கம் ஓர் இடம் காலி!



போன மே மாசம் ஒரு யூத் கேம்ப். கடைசி நாள் ராத்திரி, 'மிஷனரியாப் போகத் தயாரா இருக்கிறவங்க கை தூக்குங்க'ன்னு மேடையிலிருந்து அழைப்பு. பக்கத்துல நாலைஞ்சு கை சட்டுனு எழுந்துச்சு. என் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. பொய் சொல்ல மனசு வரலை. எஜுகேஷன் லோன், அடுத்த வருஷம் வரப்போற கேம்பஸ் இன்டர்வியூ, தறிக்குழியில உட்கார்ந்தே முதுகு வளைஞ்சுபோன அப்பா... இதையெல்லாம் விட்டுட்டு நான் எங்கே போறது? காஞ்சிபுரம் பஸ்ல திரும்பி வர்றப்போ ஒரே கேள்வி குடைஞ்சது. அப்போ நான் செகண்ட் கிளாஸ் கிறிஸ்தவனா?

பதில் வீட்டுத் தறியிலேயே இருந்துச்சு!

கோர்வைப் புடவை தெரியும்ல? உடல் ஒரு நிறம், கரை வேற நிறம். ரெண்டையும் கோத்து நெய்யணும். மூணு நாடா ஓடணும். நெசவு செய்றவர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் தனியா முடியாது. கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். ஸ்கூல் லீவுல அந்த இடத்துல நான் உட்கார்ந்திருக்கேன். கடையில புடவையைப் பிரிச்சுப் பார்க்கிற யாருக்கும் அந்த ஆளைத் தெரியாது. ஆனா, அவர் எழுந்து போயிட்டா தறி நின்னுடும்.

இப்போ ஒரு ஃப்ளாஷ்பேக். நம்ம ஊர் ஆண்டர்சன் ஸ்கூலைத் தாண்டிப் போகாதவங்க உண்டா? அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஜான் ஆண்டர்சன், ஸ்காட்லாந்து மிஷனரி. 1837-ல் சென்னையில் அவர் நடத்த ஆரம்பிச்ச பள்ளிதான் பின்னாடி மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜா வளர்ந்தது. அந்தக் காலேஜ்ல படிச்ச ஒரு பையன், ஃபைனல் எக்ஸாம் நேரத்துல உடம்பு சரியில்லாம போய், டிகிரி வாங்காமலே வெளியே வந்தார். அரியர் வெச்சிருக்கிற மக்களே, நிமிர்ந்து உட்காருங்க! அவர் பெயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர்.

ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தப்போ, 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே இருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள், தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி நம்ம பக்கம் ஊழியர்களை அனுப்பிட்டிருந்தாங்க. 'இவ்வளவு பெரிய திருநெல்வேலி சபை ஏன் இதைச் செய்யலை?'ங்கிற கேள்வி அவரை விடலை. 1903-ல் நண்பர்களோட சேர்ந்து இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பிச்சார். ஆளும் இந்தியர், பணமும் இந்தியர் பணம், நிர்வாகமும் இந்தியர் கையில். போன இடம், நிஜாம் ஆட்சியில் இருந்த டோர்னக்கல். இன்றைக்கு அது தெலங்கானா.

இங்கேதான் கவனிக்கணும். சங்கம் ஆரம்பிச்ச உடனே அசரியா கிளம்பிடலை. முதல்ல அனுப்புகிறவராக இருந்தார். 1909-ல்தான் வேலையை விட்டுட்டு, தெலுங்கு படிச்சு, தானே அங்கே போனார். 1912-ல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். அந்தப் பெயர் வரலாற்றுல நிற்குது. ஆனா, அவரையும் அவருக்கு முன்னால் போனவங்களையும் தாங்கினது யாரு? காணிக்கை போட்ட, ஜெபம் பண்ணின திருநெல்வேலிக் குடும்பங்கள். அவங்கதான் கரைப் பக்கம் உட்கார்ந்தவங்க.

'சரி, நான் என்ன செய்ய?'ன்னு கேட்கிறீங்களா? கேன்டீன்ல மாசம் நாலு சமோசாவைக் குறைச்சா, ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு நோட்டு வாங்கலாம். ஹாஸ்டல்ல ஒடிசா, பீகார் பசங்க தனியா சாப்பிட்டா, போய்ப் பக்கத்துல உட்காருங்க. அவங்க மொழியில பத்து வார்த்தை கத்துக்கோங்க. தூரத்துல வேலை செய்யுற ஒருத்தருக்கு மாசம் ஒரு லெட்டர் போடுங்க. நாளைக்கு இன்ஜினீயர் ஆனா, கமிஷன் வாங்காம ஒரு பாலம் கட்டுங்க. அதுவும் ஊழியம்தான்!

ஒரே ஒரு எச்சரிக்கை. உதவியைத் தூண்டில் ஆக்கிடாதீங்க. எதிர்ல இருக்கிறவர் மாறினாலும் மாறாட்டாலும் அந்த நோட்டு அந்தப் பிள்ளைக்குத்தான். 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டுல, வெள்ளைக்கார மிஷனரிகள் முன்னாடியே அசரியா கேட்டது நட்பைத்தான். தியாகம் பண்ணினீங்க, காசு கொடுத்தீங்க, ஆனா எங்களைச் சமமா உட்கார வெச்சு நண்பர்களா நடத்துங்கன்னு தைரியமாச் சொன்னார். அவங்களுக்குச் சொன்னது நமக்கும்தான். மேலே நின்னு கொடுக்கிறதை விட, பக்கத்துல உட்கார்றது கஷ்டம்.

அடுத்த கேம்ப்பிலும் என் கை எழுந்திருக்காம போகலாம். அது எனக்கும் கடவுளுக்கும் நடுவுல உள்ள பேச்சு. ஆனா, மடியில சும்மா கிடக்கப்போறதில்லை. கரைப் பக்கம் ஓர் இடம் காலியா இருக்கு. நாடாவை எடுத்துட்டேன்.

நீங்க எந்தப் பக்கம், ஃப்ரெண்ட்ஸ்? யோசிச்சு வைங்க... அடுத்த வாரம் மீட் பண்ணலாம்!