பனியும் இல்லை, பெரணியும் இல்லை

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் போதும், சூப்பர் மார்க்கெட் வாசல்களில் ஒரு குட்டித் தொட்டிச்செடி வரிசை கட்டி நிற்கும். உள்ளங்கை அகலத் தொட்டி, அதைச் சுற்றி பளபளவென்று ஜிகினாத் தாள், இலை நுனிகளில் பனி விழுந்தது போல வெள்ளை. பெயர் ஃப்ராஸ்டி ஃபெர்ன், அதாவது பனிப் பெரணி. பண்டிகை மேஜைக்கு அழகாக இருக்கும் என்று வாங்கிப் போவார்கள். ஜனவரி பாதி தாண்டுவதற்குள் பல வீடுகளில் அது வைக்கோலாகிக் குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். "நமக்குக் கைராசி இல்லை" என்று வாங்கியவர் தன்னையே நொந்துகொள்வார்.

கைராசியாவது ஒன்றாவது! அந்தச் செடி சாவதற்குத் தேவையான எல்லா ஏற்பாட்டையும் செய்துதான் அதை விற்கிறார்கள்.

முதலில் பெயரைப் பாருங்கள். இரண்டே வார்த்தை, இரண்டும் பொய். இது செலாஜினெல்லா. தாவரவியல் படித்தவர்களுக்குப் பாடப்புத்தகத்திலேயே அறிமுகமான பேரினம், அதில் எழுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள். இந்தத் தொட்டியில் இருப்பது செலாஜினெல்லா கிராஸியானா என்ற இனத்தின் வெள்ளை நுனி வகை. ஆப்பிரிக்காவின் ஈரமான நிழல் காடுகளில் தரையோடு படர்கிற செடி. கடும் பனியில் வைத்தால் கருகிவிடும். பெரணியும் கிடையாது. இதன் வம்சம் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே தனியாகப் பிரிந்துவிட்டது. பெரணிக்கு இந்தச் செடியை விட ரோஜா நெருங்கிய உறவு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: இங்கே செடியின் உயிரே இருக்கிறது. பனிப் பெரணி என்றால் குளிர்காலச் செடி என்றுதானே வாங்குகிறவர் நினைப்பார்? குளிர்கால வீட்டின் காற்றுதான் இதற்கு எமன். கணக்கு சுலபம். வெளியே 0 டிகிரி குளிரில், ஈரம் முழுமையாக நிறைந்த காற்றில் கூட ஒரு கன மீட்டருக்குச் சுமார் 5 கிராம் நீராவிதான் இருக்கும். அதே காற்றை உள்ளே இழுத்து ஹீட்டர் 21 டிகிரிக்குச் சூடாக்குகிறது. அந்த வெப்பத்தில் காற்றுக்கு 18 கிராம் வரை தாங்கும் சக்தி உண்டு. இருப்பதோ அதே 5 கிராம். ஆக ஈரப்பதம் ஏறக்குறைய 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. இந்தச் செடிக்கோ 60, 70 சதவீதமாவது வேண்டும். மெல்லிய, நரம்பு ஒன்றே ஒன்று ஓடுகிற துளி இலைகள் அவை. உள்ளே வைத்திருக்கும் தண்ணீரைக் காற்று உறிஞ்சிக்கொண்டே போனால் வேர் எவ்வளவுதான் ஏற்றி அனுப்பும்?

இதற்கு மேல் ஜிகினாத் தாள் வேறு. ஊற்றிய தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தொட்டியின் அடியில் தேங்கும். வேர் மூழ்கி அழுகுகிறது, இலை காய்கிறது. இலை காய்வதைப் பார்த்த அப்பாவி இன்னும் ஒரு டம்ளர் ஊற்றுவார். முடிந்தது கதை.

செடி சவலை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நியூசிலாந்தில் இதே கிராஸியானாவை விற்கவும் பரப்பவும் தடை இருக்கிறது. ஏனென்றால் அங்கே ஈரக் காடுகளில் தரையையே போர்வை போல மூடி, உள்ளூர்ச் செடிகளின் நாற்றுகளை முளைக்க விடாமல் செய்கிறது. ஒடிந்து விழும் தண்டுத் துண்டு கூட வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும். அங்கே ஒழிக்க முடியாத களை, இங்கே ஒரு மாதம் தாங்காத பொம்மை. வித்தியாசம் காற்று மட்டுமே.

அப்படியானால் தினமும் ஸ்ப்ரே அடித்தால் போதாதா? போதாது. நீங்கள் அடித்த நீர்த்துளி சில நிமிடங்களில் ஆவியாகி வீடு முழுக்கக் கலந்துவிடும். கூழாங்கல் தட்டில் தண்ணீர் வைக்கும் வித்தையும் திறந்த அறையில் பெயருக்குத்தான். காற்றை அடைத்து வைத்தால் ஒழிய வழியில்லை. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1829-இல் லண்டனில் நதானியேல் வார்ட் என்ற டாக்டர், அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு மூடிய கண்ணாடிப் புட்டியில் வைத்திருந்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவருக்கு, அந்த மண்ணில் ஒரு பெரணியும் கொஞ்சம் புல்லும் முளைத்து நின்றது கண்ணில் பட்டது. ஊர்ப் புகையில் வெளியே வாடிச் செத்த பெரணி, உள்ளே ஜோராக இருந்தது. 1842-இல் அதைப் பற்றிப் புத்தகமே போட்டுவிட்டார். செடிகளை மூடிய கண்ணாடிக்குள் வளர்க்கலாம் என்பது அவ்வளவு பழைய சங்கதி.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஜிகினாவைக் கிழித்து எறியுங்கள். மூடி உள்ள பெரிய கண்ணாடி ஜாடி, இல்லாவிட்டால் பரணில் கிடக்கும் பழைய மீன்தொட்டி. அடியில் கொஞ்சம் சரளை, மேலே இலைமக்கு கலந்த லேசான மண். செடியை நட்டு, மண் ஈரமாகும் அளவுக்கு மட்டும் மழைத்தண்ணீர் விட்டு மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், ஆனால் நேர் வெயில் கூடவே கூடாது, மூடிய கண்ணாடி சூடேறிச் செடி வெந்துவிடும். கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தால் மூடியை ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். பிறகு வாரக்கணக்கில் தொடவே வேண்டாம். இடம் போதாமல் படரும்போது கத்தரித்த துண்டுகளை வேறொரு ஜாடியில் வைத்தால் அதுவும் பிழைக்கும்.

இந்தக் கடைசி வரியில்தான் வியாபார ரகசியம் இருக்கிறது. பிழைத்த செடி அடுத்த வருஷம் பத்துச் செடியாகிவிடும், வாங்கியவர் கடைப்பக்கம் வரமாட்டார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெட்டுப்போகும் என்று ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து எழுதினார், 2001-இல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் கார் ஷெட் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம், டிசம்பரில் ஒரு சூப்பர் மார்க்கெட் வாசலில் நின்றிருந்தாலே போதும்.

"இரண்டு வாரம் அழகாக இருந்தால் போதும், பூங்கொத்து வாங்குவதில்லையா?" என்று வாதிடுபவர்கள் உண்டு. பூங்கொத்தை வெட்டிய பூ என்று சொல்லித்தான் விற்கிறார்கள். அதற்கு வேரும் இல்லை, தொட்டியும் இல்லை, பராமரிப்புச் சீட்டும் இல்லை. அது வாடினால் யாரும் தன் கைராசியைத் திட்டிக்கொள்வதில்லை. இங்கே வெளிச்சம், தண்ணீர் என்று ஒரு சீட்டைச் செருகி, உயிரோடு இருக்கும் என்ற நம்பிக்கையையும் சேர்த்து விற்கிறார்கள். அந்தச் சீட்டில் "மூடிய கண்ணாடிக்குள் வைக்கவும்" என்று மூன்றே வார்த்தை சேர்க்கட்டும். இல்லையென்றால் "ஒரு மாதம் தாங்கும்" என்றாவது அச்சடிக்கட்டும்.