ஈடுசெய்ய இயலாத இழப்புகள் மலிந்த காலம்

சற்று நீண்ட பதிவு. பொறுமையற்றோர் விருப்பக்குறி இட்டுவிட்டுக் கடந்து செல்லலாம். அஞ்சலிப் பதிவுகளுக்கு நாம் வழக்கமாகச் செய்வதும் அதுதான்.

சில ஆண்டுகளாக என் முகநூல் பக்கத்தில் மிகுதியாக விளையும் இலக்கிய வகை இரங்கற்குறிப்பு. 2022 அக்டோபரில் புருனோ லத்தூர், 2023 ஏப்ரலில் ரணஜித் குஹா, 2024 ஜூலையில் ஜேம்ஸ் ஸ்காட், அதே ஆண்டு செப்டம்பரில் ஃபிரெட்ரிக் ஜேம்சன். ஒவ்வொரு மறைவின்போதும் நம் துறை நண்பர்கள் ஒரே இரவில் மறைந்தவரின் தலைமாணாக்கர் ஆகிவிடுகின்றனர். முந்தைய வாரக் கருத்தரங்கில் அடித்தள மக்கள் ஆய்வு என்றதும் கைபேசிக்குள் தலை கவிழ்ந்தவர், குஹா மறைந்த செய்தி வந்த பத்தாம் நிமிடம் ‘என்னை உருவாக்கியவர்’ என்று எழுதினார். குஹா நூறு வயதை எட்டச் சில வாரங்களே இருந்தன. நன்றி சொல்ல 99 ஆண்டுகள் அவகாசம் தந்த ஒருவருக்கு, நம்மவர் பத்து நிமிடம் தாமதமாக நன்றி சொன்னார்கள்.

சிலருக்கு அந்தத் தாமதமும் பொறுப்பதில்லை. 2023 அக்டோபர் 10 அன்று அமர்த்தியா சென் காலமானார் என்ற செய்தி பரவியது. அதற்கு மூலம், முந்தைய நாள் நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட கிளாடியா கோல்டினின் பெயரில் இயங்கிய ஒரு போலிக் கணக்கு. செய்தி ஊடகங்கள் முந்தின; பேராசிரியர்கள் பின்தொடர்ந்தனர். இறுதியில் சென்னின் மகள் நந்தனா குறுக்கிட்டு, தந்தை நலமாக இருப்பதாகவும் ஹார்வர்டில் பாடம் நடத்திக்கொண்டிருப்பதாகவும் அறிவிக்க நேர்ந்தது. சான்றாதாரம் இல்லாத ஒரு வரியைக்கூட ஆய்வேட்டில் அனுமதிக்காத என் நண்பர் ஒருவர், முந்தைய நாள் வரை கேள்விப்பட்டிராத ஒரு கணக்கை நம்பி ஒரு பொருளியல் அறிஞரைக் கொன்றுவிட்டார். திருத்தம் வெளியிட்டாரா என்கிறீர்களா? பதிவை நீக்கிவிட்டு, மாலையில் கிரிக்கெட் பற்றி எழுதினார்.

2024 ஜூன் 18 அன்று நோம் சோம்ஸ்கியின் முறை. அவர் சாவ் பாவ்லோ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அதே நாளில் உலகம் அவரை அடக்கம் செய்துகொண்டிருந்தது. பெயர்பெற்ற இதழ்கள் சிலவும் அஞ்சலிக் கட்டுரையை வெளியிட்டுவிட்டுத் திரும்பப் பெற்றன. செய்தி பொய் என்று அவர் மனைவி கூற வேண்டியதாயிற்று. ஊடகங்கள் சம்மதத்தை எவ்வாறு உற்பத்தி செய்கின்றன என்று ஆராய்ந்தவரின் மரணத்தையே ஊடகங்கள் உற்பத்தி செய்தன. 2025 நவம்பரில் நடிகர் தர்மேந்திராவுக்கும் இதுவே நேர்ந்தது. தொலைக்காட்சிகள் அறிவித்த மரணத்தைக் குடும்பத்தினர் மறுத்தனர். உண்மையான மரணம் இரண்டு வாரம் கழித்து வந்தபோது, அதற்கான கண்ணீரை ஊடகங்கள் முன்பே செலவழித்திருந்தன.

இது சமூக ஊடகம் கொணர்ந்த நோய் என்று மூத்தோர் சொல்லக்கூடும். அவர்களுக்கு 1979 மார்ச் 22-ஐ நினைவூட்ட விரும்புகிறேன். பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் இருந்த ஜெயப்பிரகாஷ் நாராயண் காலமானார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் மக்களவையில் அறிவித்தார். இரங்கலுரைகள் நிகழ்ந்தன, அவை ஒத்திவைக்கப்பட்டது. ஜேபியோ உயிருடன் இருந்தார். அவர் மறைந்தது அக்டோபர் 8 அன்று. இடைப்பட்ட காலத்தில் மொரார்ஜியின் ஆட்சி கவிழ்ந்திருந்தது. இரங்கல் பெற்றவர், இரங்கிய அமைச்சரவையைக் காட்டிலும் நீண்ட நாள் வாழ்ந்தார். அன்று கைபேசி இல்லை, அவசரம் இருந்தது.

இந்த அவசரம் ஏன்? நம் அஞ்சலிகளை வகைப்படுத்தினால் விடை கிடைக்கும். முதல் வகை, தற்பட அஞ்சலி: மறைந்தவர் பாதி முகமாகவும் எழுதியவர் முழு முகமாகவும் தோன்றுவது. இரண்டாம் வகை, தன்வரலாற்று அஞ்சலி: ‘2014-இல் அவர் என் கட்டுரையைப் பாராட்டினார்’ என்று தொடங்கி, அக்கட்டுரையின் இணைப்பில் முடிவது. மூன்றாவது, ‘கருத்து வேறுபாடுகள் இருப்பினும்’ அஞ்சலி. எந்தக் கருத்து, என்ன வேறுபாடு என்பது கடைசி வரை வெளிவராது. நான்காவது, சேமிப்பக அஞ்சலி: மறைந்தவரின் நூல்களையெல்லாம் திருட்டுப் படிகளாகத் தொகுத்து, ‘படித்துப் பயன்பெறுக’ என்று இணைப்புத் தருவது. உண்மையைச் சொன்னால், நால்வகையுள் நூலைப் பற்றிய அக்கறை இதில் மட்டுமே உண்டு.

முதல் மூன்று வகைக்கும் பொதுவான வசதி ஒன்றுண்டு. இறந்தவர் மறுமொழி எழுத மாட்டார். ‘என்னை நீ தவறாக வாசித்திருக்கிறாய்’ என்று சொல்ல மாட்டார். பரிந்துரைக் கடிதம் கேட்க மாட்டார். வழக்கு நிதிக்கு நன்கொடை கேட்க மாட்டார். உயிருள்ள அறிஞரை ஆதரிப்பதற்கு ஒரு விலை உண்டு. இறந்தவரைப் புகழ்வது இலவசம். ஜி. என். சாய்பாபாவை எண்ணிப் பாருங்கள். 90 விழுக்காடு உடற்குறைபாட்டுடன் சக்கர நாற்காலியில் இயங்கிய ஆங்கிலப் பேராசிரியர். 2014-இல் கைதானார், பணியை இழந்தார், 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றம் விடுவித்தது, அவ்வாண்டு அக்டோபர் 12 அன்று மறைந்தார். அன்றிரவு என் பக்கம் முழுதும் அவர் முகம். அவர் சிறையிலிருந்த ஆண்டுகளில் ஒரு மனுவில் கையெழுத்திடத் தயங்கியோர் பலர் அன்று அழுதனர். அவர்களுள் நானும் ஒருவன்.

துக்கத்தை எள்ளி நகையாடுகிறேன் என்று சிலர் சினக்கலாம். துக்கம் மனித இயல்பு. அதை நான் மறுக்கவில்லை. நம் மரபு கையறுநிலை என்று அதற்கெனத் துறையே வகுத்திருக்கிறது. ஆனால் பாரி இறந்தபின் கபிலர் பாடியதோடு நிற்கவில்லை. அவன் மகளிரை அழைத்துக்கொண்டு அவர்களுக்கு வாழ்வு தேடி அலைந்தார் என்கிறது மரபு. நம் ஒப்பாரியிலும் புகழ்ச்சி மட்டும் இருப்பதில்லை; மருந்துக்குக் காசு தராதவனையும் பெண்கள் பேர் சொல்லிக் கேட்பார்கள். பாடுவோர்க்குக் கடமையும், கேட்போர்க்குக் குற்றவுணர்வும் தந்த வடிவங்கள் அவை. நம் அஞ்சலிகள் இரண்டையும் தருவதில்லை.

இவ்வளவு சொல்லும் தகுதி எனக்கு உண்டா? இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். என் முதுகலை ஆசிரியர் ஒருவர் சென்ற குளிர்காலத்தில் மறைந்தார். பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தற்காலிக ஆசிரியராகவே கழித்தவர். ஓய்வுக்குப் பின் நூலக அனுமதி அட்டைக்கு இருமுறை விண்ணப்பித்தார். விதியில் இடமில்லை என்றார்கள். ஆலைத் தொழிலாளர் குறித்த அவரது கையெழுத்துப் படியை அச்சிட நிதியில்லை என்றார்கள். மறைந்த எட்டாம் நாள் நினைவுச் சொற்பொழிவுக்கு நிதி இருந்தது. வெளியூர்ப் பேச்சாளருக்கு விமானச் சீட்டு, மதிய உணவு, பத்தடிப் பதாகை. அவருடைய தனிப்படம் எவரிடமும் இல்லை. பிரிவு உபசார விழாக் குழுப்படத்திலிருந்து வெட்டியெடுத்தோம். அவர் தோளில் இன்னொருவர் விரல்கள் எஞ்சியிருந்தன.

பதாகையை வடிவமைத்தது நான்தான். மறைவுக்கு முந்தைய மாதம் அவர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்திருந்தார். ‘இயலை முடித்துவிட்டு அழைக்கிறேன், சார்’ என்று செய்தி அனுப்பினேன். இயல் முடிந்தது, அழைக்கவில்லை. மறைந்த அன்று ஆறு பத்தி அஞ்சலி எழுதினேன். என் ஆய்வுக் கட்டுரைகள் எவற்றுக்கும் கிட்டாத வாசகர்கள் அதற்குக் கிட்டினர். ‘உங்களைப் போன்ற மாணவர் வாய்த்தது அவர் பேறு’ என்று ஒருவர் எழுதினார். நான் அதற்கும் இதயக்குறி இட்டேன்.

ஆகவே தோழர்களே, மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: குடும்பத்தினரோ மருத்துவமனையோ உறுதி செய்யும்வரை எவரையும் கொல்லாதீர்கள், ஓர் அடிக்குறிப்புக்குக் கேட்கும் சான்றையாவது ஓர் உயிருக்கும் கேளுங்கள். இரண்டு: அஞ்சலி எழுதியே தீர வேண்டுமெனில், மறைந்தவரின் ஒரு வாதத்தை எடுத்துக்கொண்டு உடன்படுங்கள் அல்லது மறுத்துரையுங்கள், வாசித்தவர் என்பதற்கு வேறு சான்று கிடையாது. மூன்று: துறைகள் ஓராண்டு நினைவுச் சொற்பொழிவை நிறுத்தி, அந்தத் தொகையில் உயிருள்ள ஒருவரின் நூலை அச்சிடட்டும். வெளியீட்டு விழாவில் அவரே வந்து பிழைகளைச் சுட்டிக்காட்டுவார். சற்றுச் சங்கடமாக இருக்கும், பரவாயில்லை.

ஆசிரியரின் கையெழுத்துப் படியை அவர் குடும்பத்தார் இசைவுடன் தட்டச்சு செய்துவருகிறேன். 212 பக்கங்களில் 140 முடிந்திருக்கிறது. மீதியில் உதவக்கூடியோர் உட்பெட்டிக்கு வாருங்கள். இப்பதிவின் கீழ் ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுத வேண்டா.