கன்னம் சிவந்த புளூட்டோனியம்

உருண்டைத் தலை, பெரிய கண்கள், சிவந்த கன்னங்கள், தலைக்கவசத்திலே இரண்டு உணர்கொம்புகள். 1990களின் தொடக்கத்தில் யப்பானில் உலாவந்த ஒரு கார்ட்டூன் சிறுவனின் தோற்றம் இது. பெயர் புளூட்டோ-குன். 'குன்' என்பது சிறுவரின் பெயரோடு யப்பானியர் சேர்த்தழைக்கும் ஒட்டு. இந்தச் செல்லப்பிள்ளை வேறு யாருமல்ல, சாட்சாத் புளூட்டோனியமேதான்! 1945இல் நாகசாகியின் மீது விழுந்தது புளூட்டோனியக் குண்டு என்பதை நினைவிற் கொண்டால், அதே நாட்டில் அதற்கு மழலை முகம் வரைந்தவர்களின் துணிவு விளங்கும்.

வரைவித்தது அரசு சார்ந்த அணு எரிபொருள் அபிவிருத்தி நிறுவனம். அதன் பிரசார ஒளிநாடாவில் ஒரு பையன் புளூட்டோனியம் கலந்த நீரைக் குடிக்கிறான். அவனுக்கு எதுவும் நேர்வதில்லை. உட்கொண்டதிற் பெரும்பகுதி உடலைவிட்டு வெளியேறிவிடும் என்று விளக்கமும் தரப்படுகிறது. 1994இல் அமெரிக்க எரிசக்திச் செயலாளர் ஹேசல் ஓலியரியே இதற்கு ஆட்சேபம் தெரிவிக்க நேர்ந்தது.

மழலையழகு ஏன் மனிதரை இப்படி மயக்குகிறது? பெரிய தலை, புடைத்த நெற்றி, பெரிய கண்கள், உப்பிய கன்னங்கள், குறுகிய கைகால்கள் ஆகியவற்றைக் கண்ட மாத்திரத்தே, 'இதனைப் பேணவேண்டும்' என்ற உணர்வு நம்முள் இயல்பாகவே எழுகிறது என்று 1943இல் எழுதினார் ஒஸ்திரிய விலங்கியலாளர் கொன்ராட் லோரன்ஸ். 1979இல் அமெரிக்க அறிவியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட், மிக்கி மவுஸை அளவுகோல் கொண்டு அளந்தே பார்த்துவிட்டார். 1928இல் முரட்டுக் குறும்பனாகத் திரைக்கு வந்த அந்த எலிக்கு, அரைநூற்றாண்டு கழிந்தபோது கண்ணின் அளவு தலை நீளத்தின் 27 வீதத்திலிருந்து 42 வீதமாக வளர்ந்திருந்தது. வயது ஏற ஏற அது குழந்தையாகிக்கொண்டே போயிருந்தது!

என்னை மழலைக்குப் பகைவன் என எவரும் கொள்ளவேண்டாம். 2010இல் குமமோட்டோ மாகாணம் உருவாக்கிய குமமொன் என்ற கறுப்புக் கரடி, அவ்வூர் விளைபொருள்களுக்குச் சந்தை தேடித் தந்தது. 2016 நிலநடுக்கத்தின் பின்னர் பாதிக்கப்பட்ட இடங்களுக்குச் சென்று பிள்ளைகளைச் சிரிக்கவும் வைத்தது. தர்ப்பூசணி விற்பவர் கரடியைக் காட்டி விற்கட்டும். யாருக்கு என்ன கேடு?

கேடு, அதிகாரம் மழலை வேடம் பூணும்போதுதான் தொடங்குகிறது. நமது புலவர்களும் இதன் வலிமையை அறிந்தே இருந்தனர். ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன் மீது பிள்ளைத்தமிழ் பாடினார். படையும் முடியும் உடைய சோழ மன்னன் அதிலே ஒரு மழலை. தொட்டிலிற் கிடப்பவனிடம் திறைக்கணக்குக் கேட்பார் உண்டோ?

1995 டிசெம்பரில் மொன்ஜு அணு உலையில் சோடியம் கசிந்து தீப்பற்றியது. அதனை நடத்தியது புளூட்டோ-குன்னைப் பெற்றெடுத்த அதே நிறுவனந்தான். விபத்து நடந்த இடத்தைப் பதிவுசெய்த ஒளிநாடாவை அது வெட்டிச் சுருக்கி வெளியிட்டதும், உள்ளதை மறைத்ததும் பின்னர் அம்பலமாயின. பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு நாடா. குடிமக்களிடமிருந்து மறைக்க இன்னொரு நாடா!

பாடம் கற்றார்களா? இல்லை. 2011 அனர்த்தத்தில் உருகிப்போன ஃபுகுஷிமா உலைகளிற் சேர்ந்த நீரைச் சுத்திகரித்துக் கடலில் விடுவதென 2021 ஏப்ரல் 13ஆம் திகதி யப்பானிய அமைச்சரவை தீர்மானித்தது. அன்றே அந்நாட்டின் மீளமைப்பு முகவரகம், நீரில் எஞ்சியிருக்கும் திரிட்டியத்தைச் செங்கன்னமுடைய ஓர் உருண்டைப் பாத்திரமாக்கித் துண்டுப்பிரசுரமும் காணொளியும் வெளியிட்டது. கண்டனம் வெடித்தது. மறுநாளே அதனை விலக்கிக்கொண்டார்கள்.

பாமரருக்கு அறிவியலை எளிமையாகச் சொல்வது குற்றமா என்று கேட்போர் உண்டு. குற்றமில்லை. திரிட்டியம் மழைநீரிலும் இருக்கிறது. அதன் கதிர்வீச்சும் வலுக்குறைந்தது. இந்நீரால் மனிதருக்கும் சூழலுக்கும் நேரும் பாதிப்பு புறக்கணிக்கத்தக்கது என 2023 ஜூலையில் சர்வதேச அணுசக்தி முகவரகமும் கூறியது. இவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், ஃபுகுஷிமாக் கடற்றொழிலாளர் கேட்டது இரசாயனப் பாடமல்ல. சம்பந்தப்பட்டோரின் இணக்கமின்றி நீரை வெளியேற்ற மாட்டோம் என்று 2015இல் அவர்களுடைய கூட்டுறவுச் சங்கச் சம்மேளனத்துக்கு எழுத்து மூலம் வாக்களித்திருந்தார்கள். அந்த வாக்கு என்னாயிற்று என்பதே அவர்களின் கேள்வி. அவர்கள் எதிர்த்துக்கொண்டிருக்கும்போதே 2023 ஆகஸ்ட் 24ஆம் திகதி நீர் கடலில் விடப்பட்டது.

பத்திரிகைக்காரனாக என் வாழ்நாளில் நான் செய்த தொழில் கேள்வி கேட்பது. அமைச்சரைக் கேட்கலாம், அதிகாரியைக் கேட்கலாம். அவர்கள் மழுப்பினால், மழுப்பினார்கள் என்றாவது எழுதலாம். செங்கன்ன உருண்டையிடம் எதைக் கேட்பது? கேட்பவனே குழந்தையை மிரட்டும் முரடனாகிவிடுகிறான். அதற்காகத்தான் அதை முன்னே நிறுத்துகிறார்கள்.

ஆகவே வாசகர்களே, ஓர் அரசோ நிறுவனமோ அழகிய பொம்மை ஒன்றை உங்கள் முன் ஆடவிட்டால், தாராளமாக ரசியுங்கள். ரசித்து முடிந்ததும், இதற்குப் பொறுப்பான ஆளின் பெயரென்ன, அவர் எங்கே என்று கேளுங்கள்.