படிப்பும் பட்டறையும்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் பஸ்ஸை விட்டிறங்கி, என் வீட்டை விசாரித்துக்கொண்டு மூவர் வந்து சேர்ந்தனர். ஒரு தாயார், அவருடைய மூத்த மகள், இளைய மகன். வத்துகாமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்தவர்கள். பிள்ளைகள் இருவரும் என்னிடம் படித்தவர்கள். அம்மையாரின் கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறை. உறைக்குள் அக்குடும்பத்தின் சரித்திரம் முழுவதும் அடங்கியிருந்தது. பிறப்புச் சான்றிதழ்கள், விவாகப் பதிவு, சம்பளச் சிட்டைகள், பரீட்சைப் பெறுபேறுகள்.

"ஐயா, இரண்டு பிள்ளைக்கும் இரண்டு விண்ணப்பம். எதை முதலில் எடுப்பது, எதை எப்படி எழுதுவது, ஒன்றும் விளங்கவில்லை" என்றார்.

விஷயம் இதுதான். மகன் இவ்வாண்டு பல்கலைக்கழகத்திற்குத் தெரிவாகியிருக்கிறான். மஹாபொலப் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். மகளோ தொழினுட்பவியற் பீடத்தில் மூன்றாம் ஆண்டை முடித்தவள். அடுத்த ஆறு மாதத்தை ஏதேனும் ஒரு தொழிற்சாலையிற் பயிற்சியாளாகக் கழித்தல் வேண்டும். அதற்கு அவளே நிறுவனங்களுக்கு விண்ணப்பம் எழுதி, நேர்முகப் பரீட்சைக்குச் சென்று, இடம் பிடித்தாக வேண்டும். ஒருவனுக்குப் பணத்துக்கு விண்ணப்பம். மற்றவளுக்கு வேலைப் பழக்கத்துக்கு விண்ணப்பம்.

அம்மையார் மேலும் ஒரு செய்தி சொன்னார். தம்பி முறையான ஒருவர் அவுஸ்திரேலியாவில், சிட்னி நகரத்தில் இருக்கிறாராம். அங்கே படிப்புக்குப் பணமும் கொடுத்து, தொழிற்சாலையில் வேலையும் பழக்குகிற ஒரு திட்டம் உண்டென்று அவர் தொலைபேசியிற் சொன்னாராம். "அதற்கு நம் பிள்ளைகள் எழுதிப் போட முடியாதா ஐயா?" என்று கேட்டார்.

அவர் கேள்விப்பட்டது பொய்யன்று. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் 1988ஆம் ஆண்டு முதல் அத்தகைய திட்டமொன்று நடைபெற்று வருகிறது. கம்பெனிகளே பணம் போட்டு மாணவனுக்குப் புலமைப்பரிசில் அளிக்கின்றன. அந்தக் கம்பெனிகளிலேயே அவன் படிப்பினூடே சில மாதங்கள் வேலை பழகுகிறான். ஆனால் அது அந்நாட்டுப் பிரஜைகளுக்கும், நிரந்தர வதிவிட உரிமை பெற்றோர்க்கும், நியூசிலாந்தாருக்கும் மட்டுமே உரியது. நம் பிள்ளை இங்கிருந்து எழுதினால் பயனில்லை. இதைச் சொன்னபோது அம்மையாரின் முகம் வாடியது. எனினும் அந்தத் திட்டத்தை அத்துடன் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதில் நமக்கு எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. அதைப் பின்னர் கூறுகிறேன்.

படிப்பையும் பட்டறையையும் மாறி மாறிப் பழக்கும் முறை அமெரிக்காவில் தொடங்கியது 1906ஆம் ஆண்டில். சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பொறியியல் ஆசிரியர் 27 மாணவருடன் அதனை ஆரம்பித்தார். மாணவரை இருவர் இருவராகச் சேர்த்தார். ஒரு வாரம் ஒருவன் வகுப்பில், மற்றவன் தொழிற்சாலையில். மறுவாரம் இடம் மாறுவர். தொழிற்சாலையில் ஓர் ஆளுக்குரிய வேலை ஒருநாளும் நிற்காது. அக்காலத்துப் பேராசிரியர்கள் பலர் இதை மெச்சவில்லை என்று சொல்லவும் வேண்டுமோ? கனடாவிலே ரொறன்ரோவுக்கு அணித்தாயுள்ள வாட்டர்லூப் பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கும்போதே இம்முறையுடன்தான் தொடங்கியது. அங்கே குடியேறிய நம்மவர் பிள்ளைகள் பலருக்கு அதன் பெயர் நன்கு தெரியும்.

நம் நாட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு வாசல்கள். பணத்துக்கு மஹாபொல நிதியம். அது 1981ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அமைந்தது, அப்போது வர்த்தக அமைச்சராயிருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சி. வேலைப் பழக்கத்துக்குப் பீடங்களின் தொழிற்பயிற்சிப் பிரிவுகளும், 1971ஆம் ஆண்டின் தேசிய பயிலுநர் சபையின் வழிவந்த தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையும். ஒரு வாசலில் நிற்பவர்க்கு மறுவாசலில் நடப்பது தெரியாது. (கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் அபிவிருத்தி லொத்தர்ச் சீட்டு வாங்கி, சுரண்டிப் பார்த்துவிட்டுக் கசக்கி எறிகிறவர்கள் தங்கள் துரதிர்ஷ்டத்தை நொந்துகொள்ளுகிறார்கள். மஹாபொல நிதியத்துக்கு வருகிற பணத்தில் லொத்தரின் பங்கும் உண்டு. யாரோ ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குக் கொடுத்ததாக அவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.)

முதலில் மகனுடைய பத்திரத்தை எடுத்தோம். மஹாபொலப் பணம் பல்லாண்டுகளாக மாதம் 5,000 ரூபாயாக இருந்தது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் அதை 7,500 ரூபாயாக உயர்த்தினர். பர்சரி எனப்படும் உதவுதொகை 4,000 ரூபாயிலிருந்து 6,500 ரூபாயாயிற்று. மிகச் சிறந்த புள்ளி பெற்ற சிலர்க்குத் திறமையினடிப்படையிற் கிடைக்கும். மற்றையோர்க்குக் குடும்ப வருமானமே அளவுகோல். ஆகவே அந்த வருமானப் பகுதியில் எழுதுவதைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

நான் பல்கலைக்கழகத்திற்குத் தெரிவான ஆண்டில் என் தந்தையார் ஒரு புடைவைக் கடையிற் கணக்கெழுதிக் கொண்டிருந்தார். வருமானச் சான்று வாங்கச் சென்ற இடத்தில் அவருக்குப் பழக்கமான இருவர் வரிசையில் நின்றனர். சம்பளம் எவ்வளவு என்று உரத்த குரலிற் கேட்கப்பட்டபோது, அந்த இருவர் முன்னிலையில் உள்ளதைச் சொல்ல அவருக்கு நாவெழவில்லை. ஏறக்குறைய இரு மடங்காகச் சொல்லிவிட்டார். எழுதிக்கொண்டார்கள். புலமைப்பரிசில் எனக்குக் கிடைக்கவில்லை. நான்கு ஆண்டும் அந்தப் பொய்க்கான விலையை அவரே கைமாற்று வாங்கிக் கட்டினார். ஒருநாளேனும் அதைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஏழ்மையைக் கூட்டிச் சொல்லிப் பணம் பெறுகிறவர்களைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். குறைத்துச் சொல்லி இழக்கிறவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சம்பளச் சிட்டையில் உள்ளது எதுவோ அதை எழுதுங்கள். ஒரு சதம் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

அடுத்தது பெயர். மலைநாட்டுத் தமிழ்க் குடும்பங்களைப் பிடித்த பெருநோய் இது. தோட்டத்துப் பிறப்பை யாரோ ஒருவர் வாயாற் சொல்ல, வேறொருவர் காதாற் கேட்டு, மூன்றாமவர் தமக்குத் தெரிந்த மொழியில் எழுதி வைத்தார். முத்துசாமி என்ற பெயர் ஒரு கடதாசியில் முத்துசமி, இன்னொன்றில் முத்துச்சாமி, மூன்றாவதில் வெறும் சாமி. பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டபோது சொன்ன செல்லப் பெயரே பாடசாலை இடாப்பில் ஏறிவிடுவதும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின், ஓர் எழுத்துக்காகவும் ஒரு தேதிக்காகவும் நம் பாட்டன்மார் எத்தனை அலுவலகப் படிகள் ஏறி இறங்கினார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிவர். அந்த அலைச்சலின் மிச்சம் இன்று பேரப்பிள்ளையின் புலமைப்பரிசிற் பத்திரத்தில் வந்து நிற்கிறது.

இந்த வீட்டிலும் அப்படியே. தந்தையின் பெயர் மூன்று பத்திரங்களில் மூன்று விதம். மூவரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து இணைக்கச் சொன்னேன். ஆனால் அது அவசரத்துக்கு மட்டுமே. பிறப்புப் பதிவையே திருத்துவதற்கு இப்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். இல்லையேல் பட்டம் பெறும்போதும், கடவுச்சீட்டு எடுக்கும்போதும் இதே பாடு. உயர்தர வகுப்பில் பிள்ளை இருக்கிற பெற்றோர் இதைப் படிக்கிறீர்களாயின், பெறுபேறு வரும்வரை காத்திராமல் இன்றிரவே அந்தப் பிளாஸ்டிக் உறையைத் திறந்து பெயர்களை ஒத்துப் பாருங்கள்.

இனி மகளின் கதை. அவள் எழுதிக்கொண்டு வந்த சுயவிபரப் பத்திரம் ஒரே பக்கம். பரீட்சைப் பெறுபேறுகள் ஒழுங்காக இருந்தன. 'பாடத்துக்குப் புறம்பான முயற்சிகள்' என்ற தலைப்பின் கீழே வெறும் வெள்ளைக் கடதாசி.

"ஏன் அம்மா, ஒன்றும் எழுதவில்லை?"

"எழுத ஒன்றும் இல்லை சேர். நான் விளையாட்டிலும் இல்லை, சங்கங்களிலும் இல்லை."

சிட்னித் திட்டத்திலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது என்றேனே, அது இதுதான். அங்கே புள்ளிகள் மட்டும் போதா. வகுப்புக்கு வெளியே என்ன செய்தாய், எதற்குப் பொறுப்பாயிருந்தாய் என்று எழுத்திற் கேட்கிறார்கள். பின்னர் கம்பெனிக்காரரும் அமர்ந்து நேரிற் கேட்கிறார்கள். நம் நாட்டு நிறுவனங்களும் பயிற்சிக்கு ஆள் எடுக்கையில் இதையே கேட்கின்றன. நகரத்துப் பிள்ளைகள் இப்பகுதியை நிரப்பத் தெரிந்தவர்கள். நம் பிள்ளைகளோ தாம் செய்வதைச் செயல் என்றே கருதுவதில்லை.

நான் சற்றுக் குடைந்து கேட்டேன். தோட்டத்து மரணாதார சங்கத்துக்குக் கணக்கெழுதுவது யார்? அவள்தான், பதினாறு வயது முதல். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மூன்று மாதக் கணக்கை ஒரே இருப்பில் முடித்துக் கொடுக்கிறாள். ஒருமுறை பொருளாளர் மறந்துவிட்ட 2,400 ரூபாயைப் பற்றுச்சீட்டைக் கொண்டு கண்டுபிடித்தாளாம். லயத்தில் யாருக்கேனும் சிங்களத்திற் கடிதம் வந்தால் படித்துச் சொல்லி, பதில் எழுதுவது யார்? அதுவும் அவளே. வீட்டுத் தண்ணீர்க் குழாயின் அழுத்தம் குறைந்தபோது மேட்டுத் தொட்டிக்கு ஏறி, அடைப்பைக் கண்டு நீக்கியது? தாயார் சிரித்துக்கொண்டே மகளைச் சுட்டிக் காட்டினார். "இதெல்லாம் எழுதலாமா சேர்?" என்று அந்தப் பெண் கேட்டாள். கணக்கு, மூன்று மொழி, பொறுப்பு, பழுது பார்த்தல் ஆகிய இவை நான்கும் ஒரு தொழிற்சாலைக்கு வேண்டாமென்றால் வேறு எவைதாம் வேண்டும்?

பிறகுதான் உண்மையான சிக்கல் வெளிவந்தது. அவளுக்கு இரண்டு இடங்கள் கண்ணில் இருந்தன. ஒன்று இங்கே அருகில், கண்டிப் பக்கத்தில். தாயார் அதையே விரும்பினார். போய்க் கையெழுத்து வைத்துவிட்டு வந்தாற் போதும், பயிற்சி நாட்குறிப்பில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிடுவார்கள் என்று அவளுடைய தோழிகள் சொல்லியிருக்கிறார்கள். மற்றது பியகமவில். அங்கே இயந்திரங்களோடு வேலை. நேர்முகப் பரீட்சையும் கடினம். பல்கலைக்கழக விடுதியை விட்டு ஆறு மாதம் அறை எடுத்துத் தங்க வேண்டும். சில நிறுவனங்கள் சிறு படி கொடுக்கும், சில மதிய உணவு மட்டும், சில ஒன்றுமே கொடா. பயிற்சிக் காலத்துக்கென்று கூடுதலாக ஏதும் மஹாபொலவிலும் இல்லை. வீட்டிலிருந்து படிக்கிறவனுக்கும் பியகமவில் அறை வாடகை கட்டுகிறவளுக்கும் ஒரே தொகை. இது சரியன்று என்பது என் எண்ணம். எந்தப் பிள்ளையிடம் பணமில்லையோ அந்தப் பிள்ளைதான் நல்ல பயிற்சியிடத்தைக் கைவிட்டு, கையெழுத்து வைக்கும் இடத்துக்குப் போகிறது. வேலை தேடும் காலத்தில் அதன் குறை அவள் தலையிலேயே விழுகிறது. கம்பெனியே பணத்தையும் பயிற்சியையும் ஒருசேரக் கொடுக்கிற முறையை நம் பெரிய கைத்தொழிலதிபர்கள் பத்துப் பிள்ளைகளுக்கேனும் தொடங்கினால் என்ன?

"பொம்பிளைப் பிள்ளையைத் தெரியாத ஊரில் எப்படி ஐயா விடுவது?" என்று தாயார் கேட்டார். அந்தக் கேள்வியை நான் பழமைவாதம் என்று தள்ளமாட்டேன். எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். முதலிற் பல்லேகலைக் கைத்தொழில் வலயத்திலும் விண்ணப்பித்துப் பார்க்கச் சொன்னேன். உண்மையாய் வேலை பழக்கும் இடம் அங்கேயும் இருத்தல் கூடும், வீட்டிலிருந்தே போய் வரலாம். பியகமவுக்கும் எழுதட்டும். இடம் கிடைத்தால், பீடத்தின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் கேட்டு, முன்னர் அங்கே பயின்ற மாணவியர் தங்கிய வீட்டை அறிந்து, தாயாரே ஒருமுறை போய்ப் பார்த்து வரட்டும். ஆறு மாதச் செலவையும் ஒரு கடதாசியில் எழுதிக் கூட்டினோம். தொகையைக் கண்டு சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மகன், "என் பணம் வரத் தொடங்கினால் அக்காவுக்கு அனுப்பலாம்" என்றான். "உன் பணம் உன் சாப்பாட்டுக்கு" என்று அக்காள் வெடுக்கென்று சொன்னாள். தாயார் இருவரையும் பாராமல் கடதாசிகளைத் திரும்ப உறைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

இருட்டுமுன் வத்துகாம பஸ்ஸில் ஏற்றிவிடப் பாலத்தடி வரை நானும் போனேன். பஸ் புறப்படும் தறுவாயில் அந்தப் பெண் யன்னல் வழியே தலையை நீட்டி, "சேர், மரணாதார சங்கத்துக்கு ஆங்கிலத்தில் என்ன எழுதுவது?" என்று கேட்டாள். நான் சொன்னது எஞ்சின் சத்தத்தில் அவளுக்குக் கேட்டதோ என்னவோ. வீட்டுக்கு வந்து அதை எழுதி, மறுநாட் காலையில் தம்பியின் தொலைபேசிக்கு அனுப்பிவைத்தேன்.